உயிரோடிருந்தவனின் நடுகல்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. மேற்கே மலைத்தொடரின் முதுகுக்குப் பின்னால் ஞாயிறு இறங்கிவிட்டது. கிழக்கே முழுநிலவு எழப்போவதற்கு அடையாளமாக வானத்தின் அடிவிளிம்பு மட்டும் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு ஒளிகளுக்கும் நடுவே, கரையோர நாணல் புதர்களை மூழ்கடித்து, வேரோடு பெயர்ந்த மருத மரங்களையும் எங்கோ இடிந்த குடிசை ஒன்றின் கூரையையும் சுமந்துகொண்டு, வெள்ளாறு செம்மண் நிறத்தில் அகன்று புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் ஆட்டுக்குட்டிகள் கணுக்கால் நனையக் கடந்து போகும் ஆறுதான் அது. அன்று அதைப் பார்த்தவர்கள் அந்தச் செய்தியை நம்பியிருக்க மாட்டார்கள்.

வடகரைத் துறையில் ஒரு பரிசல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடித்தோலில் விழுந்த கீறலுக்கு ஒருவன் பிசின் பூசிக்கொண்டிருந்தான். அகன்ற தோளும் நரைக்கத் தொடங்கிய தலையும் உடையவன். இடது தாடை எலும்பு எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்ததால் அவன் முகத்தின் ஒரு பாதி எப்போதும் எதையோ மறுப்பது போலத் தோன்றும். அவன் பேச்சும் குழறலாகவே வரும். அந்த வட்டாரத்தில் அவனைத் துறையன் என்றுதான் அழைத்தார்கள். வேறு பெயர் உண்டா என்று யாரும் கேட்டதில்லை.

அவன் அருகில் உப்பு வணிகன் ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். உப்புப் பொதிகள் ஒரு பக்கமும் எருதுகள் ஒரு பக்கமுமாகப் பல நாளாக அங்கேயே கிடந்தன.

"என்ன துறையா, ஆறு இன்னிக்கும் மனசு மாறலையா?"

"நாளைக்குப் பார்க்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. என் எருதுக்கெல்லாம் உன் முகம் பழகிப்போச்சு. இன்னும் ரெண்டு நாள் போனா அதுங்களே உனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிடும்."

துறையன் சிரித்தான். உடைந்த தாடை அனுமதித்த அளவுக்குத்தான் சிரித்தான்.

அப்போது மேட்டுப் பாதையில் குதிரைக் குளம்பொலி கேட்டது. நுரை தள்ளிய மட்டக்குதிரை ஒன்றிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயதுக்கு உட்பட்டவள். வெள்ளாடை உடுத்தி, கூந்தலில் பூவின்றி, வலது மணிக்கட்டில் ஓர் இரும்புக் காப்பு மட்டும் அணிந்திருந்தாள். நேராகத் துறைக்கு வந்தாள்.

"துறைக்காரரே, நிலவு பனைமர உயரம் ஏறுமுன் நான் தென்கரையில் கொற்றவை கோயில் முன்றிலில் நிற்க வேண்டும்."

துறையனின் கை பிசின் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

"அம்மா, இந்த மனுஷன் அரசனே வந்தாலும் நாளைக்கு வான்னு சொல்றவன்," என்றான் உப்பு வணிகன்.

"அரசர் இல்லாததால்தான் நான் வந்திருக்கிறேன்," என்றாள் அந்தப் பெண்.

பரிசலைப் புரட்டித் தண்ணீருக்கு இழுத்தான்.

"அடேய், நாலு நாளா நான் கெஞ்சுறேன். உப்பு கரைஞ்சா ஆறு கொஞ்சம் ருசியாகும், அவ்வளவுதானே. இவங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா உடனே கிளம்புறியே."

"எருது ஏறினால் மூழ்கும்," என்றான் துறையன், அந்தப் பெண்ணின் முகத்தைப் பாராமல்.

அவளுடைய முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. காரணத்தை வாசகர்களிடம் இப்போதே சொல்லிவிடுவதுதான் முறை. அந்தப் பெண்ணின் பெயர் குஞ்சரமல்லி. அவன் அவளுடைய கணவன்.

நெடும்பொறை நாட்டை ஆண்ட வேளிர்களுக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வேளின் மெய்க்காவலில் சேருகிறவன் கொற்றவை கோயில் முன்றிலில் அமர்வான். வேள் தன் கையால் அவனுக்கு ஓர் உருண்டைச் சோறு ஊட்டுவான். அதை உண்டவன் வேளைக்காரன் ஆகிறான். அன்று முதல் அவன் உயிர் அவனுடையதல்ல. போரில் வேள் விழுந்தால், அன்றைய பொழுது சாய்வதற்குள் அவனும் தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்ள வேண்டும். அவன் பெயர் பொறித்து ஆற்றங்கரையில் கல் நடுவார்கள். அவன் மனைவிக்கு இரும்புக் காப்பும், உதிரப்பட்டி என்ற பெயரில் நல்ல பாசன நிலமும் கொடுப்பார்கள். வேளுக்குப் பிறகும் ஒருவன் வாழ்ந்தான் என்று தெரிந்தால் கல்லிலிருந்து பெயர் செதுக்கி எடுக்கப்படும். நிலமும் மானமும் அந்தக் குடும்பத்தை விட்டுப் போய்விடும்.

நான்கு மழைக்காலங்களுக்கு முன், இதே ஆற்றின் மேற்பக்கத்தில் கருங்கல் திடலில் ஒரு போர் நடந்தது. வேள் பூதிகண்டன் அதில் இறந்தான். அவனுடைய வேளைக்காரர்கள் அத்தனை பேரும் அன்று மாலையே கோயில் முன்றிலில் தலை கொடுத்தார்கள். அழிசி என்ற ஒருவனுடைய உடல் மட்டும் கிடைக்கவில்லை. அவனும் போர்க்களத்திலேயே மாண்டு ஆற்றோடு போயிருப்பான் என்று தீர்மானித்து அவனுக்கும் கல் நட்டார்கள்.

அழிசி சாகவில்லை. தாடை உடைந்து, நினைவு தப்பி, வெகுதூரம் கீழே ஒரு மணல் திட்டில் ஒதுங்கிக் கிடந்தான். மீனவர்கள் எடுத்துக் காப்பாற்றினார்கள். எழுந்து நடக்கும் வலிமை வந்ததும் தன் கடமையை முடித்துக்கொள்ள அவன் கோயிலுக்கு வந்தபோது, தன் பெயர் வெட்டிய கல்லைக் கண்டான். அதன் முன்னால் குஞ்சரமல்லி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். மணமாகி ஆறு மாதம்கூட அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததில்லை. இப்போது அங்கே தலையை அரிந்துகொண்டால், இத்தனை நாள் அவன் உயிரோடிருந்தது ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே யாருக்கும் தெரியாமல் சாவதற்காக இடுப்பில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வடகரைத் துறைக்கு வந்தான்.

அன்று நெசவாளர் குடும்பங்கள் ஏறிவந்த கட்டுமரம் ஒன்று அவன் கண் முன்னே கவிழ்ந்தது. அவன் கல்லை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதித்தான். கைக்கு அகப்பட்டவர்களை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டுக் கரையில் விழுந்து கிடந்தபோது, ஒரு கிழவன் வந்து, "நாளைக்கும் இங்கே இருப்பாயா? என் மகன் குடும்பம் வருகிறது" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சாக வந்த இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. பிறகு பரிசல் கட்டக் கற்றான். நீரின் நிறத்தைப் பார்த்து மலையில் எங்கே மழை என்று சொல்லக் கற்றான். யாருக்கும் சொந்தமில்லாமல் போன அந்த உயிரைத் துறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். இரவில் தென்கரையில் ஒரு விளக்கு தெரியும். அதை மட்டும் பார்க்காமல் அவனால் படுக்க முடிந்ததில்லை.

பரிசல் நடு ஆற்றை நோக்கிச் சுழன்று நகர்ந்தது.

"தென்கரையில் என்ன அவசரம்?" என்று அழிசி கேட்டான். உடைந்த தாடையிலிருந்து வந்த குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"வேளின் மகள், எங்கள் பிராட்டி கோதை இன்று படை நடத்தும் தண்டநாயகர் வயிரமேகருக்கு மாலையிடுகிறாள். மாலையோடு நாட்டின் வாளும் அவர் கைக்குப் போகிறது."

"அவர்தானே இத்தனை நாளும் நாட்டைக் காத்தவர்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்." குஞ்சரமல்லி பரிசலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பேசினாள். "வேள் மார்பில் ஈட்டி வாங்கி விழுந்தார் என்று ஊருக்குச் சொன்னார்கள். அவருடைய கவசத்தைச் சென்ற மாதம் நான் துடைக்க எடுத்தேன். மார்பில் கீறல்கூட இல்லை. முதுகுப் பக்கம்தான் துளை இருக்கிறது. அன்று வேளுக்குப் பின்னால் நின்றவர் தண்டநாயகர்தான். வெள்ளம் வருமுன்பே மேல்துறையில் ஆறு கடந்து, உடலைக் கழுவிய மருத்துவரைத் தேடி மூன்று ஊர் அலைந்தேன். அவர் போன ஆண்டே இறந்துவிட்டாராம். வெறுங்கையோடு திரும்புகிறேன்."

"சாட்சி இல்லாமல் போய் என்ன செய்வீர்?"

"அந்தப் பெண்ணுக்குப் பதினாறு வயது. தகப்பனைக் கொன்றவன் கையைப் பிடிக்கும்போது, வேண்டாம் என்று சொல்ல ஒருத்தியாவது பக்கத்தில் நிற்க வேண்டாமா?" அவள் சற்று நிறுத்தினாள். "என் வீட்டுக்காரர் அன்று வேளின் பக்கத்தில் இருந்தவர். அவர் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். நான் இதையெல்லாம் அவருடைய கல்லிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

அழிசி துடுப்பை அழுத்தினான். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை அவன் நெஞ்சில்தான் இருந்தது. சொன்னால் அவளுடைய நிலமும் அவளுடைய காப்பும் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு குழந்தை கொலைகாரனுக்கு மனைவியாவாள். அந்த யோசனையில் அவன் கண்கள் ஆற்றை விட்டு விலகிய கணத்தில், வெள்ளம் அடித்து வந்த மரம் ஒன்று பரிசலை நோக்கித் திரும்பியது.

"மல்லி, குனி," என்றான்.

அவள் குனிந்தாள். மரக்கிளை அவள் தலைக்கு மேல் உரசிக்கொண்டு போயிற்று. அழிசி பரிசலைத் திருப்பி நேராக்கினான். தான் என்ன சொன்னோம் என்பதை அவன் கவனிக்கவில்லை. குஞ்சரமல்லி தன் பெயரை அவனிடம் சொல்லியிருக்கவில்லை. கரை சேரும் வரை அவள் துடுப்புப் பிடித்த அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்குப் பயந்து பார்க்கிறாள் என்று அவன் எண்ணினான்.

தென்கரையில் அவன் கயிற்றைக் கட்டிவிட்டு அவளோடு படியேறப் போனபோது, அவள் திரும்பி வழியை மறித்தாள்.

"நீர் வர வேண்டாம்."

"இருட்டில் தனியாக..."

"உமக்கு அங்கே வேலை இல்லை. ஆற்றைப் பார்த்துக்கொள்ளும்." அவள் குரல் கடுமையாக இருந்தது. கண்கள் வேறு எதையோ கெஞ்சின. அழிசி அந்தக் குரலைத்தான் கேட்டான். அவள் போன பிறகு கயிற்று முடிச்சை ஒருமுறை இறுக்கினான். பிறகு பின்னாலேயே படியேறினான்.

கொற்றவை கோயில் முன்றில் பந்தங்களால் பகல் போலிருந்தது. ஒரு பக்கம் சபையோர் அமர்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் வேளைக்காரர்களின் கற்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் எண்ணெய் பூசிப் பளபளத்தது. புதிய ஆணையைக் கோயில் சுவரில் வெட்டுவதற்காகக் கல்தச்சன் உளியோடு காத்திருந்தான். நடுவில் கையில் மாலையோடு, சற்றே பெரிதாக இருந்த பட்டாடையில் ஒடுங்கி நின்றாள் கோதைப் பிராட்டி. எதிரே வயிரமேகன் நின்றான். நாற்பது வயது, அழகிய மீசை, பதறாத கண்கள்.

"வந்துவிட்டாயா அக்கா?" என்றாள் கோதை, குஞ்சரமல்லியைக் கண்டு. "மருத்துவர் என்ன சொன்னார்?"

"மருத்துவர் இல்லை, பிராட்டி. ஆனால் கவசம் இருக்கிறது. முதுகில் துளை இருக்கிறது."

வயிரமேகன் கோபம் கொள்ளவில்லை. "அம்மணி அலைந்த களைப்பில் இருக்கிறார்கள். வேள் விழுந்த பின் பகைவர் உடலைக் குத்தியிருக்கலாம். உடைந்த கவசத்தைக் கேட்டு நாட்டை ஆள முடியுமா? அன்று களத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னால், நானே இந்த வாளைக் கீழே வைக்கிறேன்."

"நான் இருந்தேன்," என்றது ஒரு குழறிய குரல்.

சபை திரும்பிப் பார்த்தது. குஞ்சரமல்லி திரும்பவில்லை. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அழிசி பந்த வெளிச்சத்துக்கு வந்தான். "நான் வேளைக்காரன் அழிசி. அன்று உச்சிப்பொழுதிலேயே போர் முடிந்துவிட்டது. ஓடிய பகைவர்களை மற்ற வேளைக்காரர்கள் துரத்திப் போயிருந்தார்கள். வேளுக்குத் தாகம். தண்ணீர் கொண்டு வா என்றார். நான் ஆற்றில் இறங்கித் தலைக்கவசத்தில் நீர் மொண்டு திரும்பினேன். அப்போது தண்டநாயகர் வேளின் முதுகில் கட்டாரியைப் பாய்ச்சுவதைப் பார்த்தேன். நான் கத்துவதற்குள் இவருடைய ஆள் என் தாடையில் கதையால் அடித்தான். அதற்குப் பிறகு ஆறுதான்."

முன்றிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வயிரமேகன் கையைத் தூக்கி அதை அடக்கினான். அவன் குரலில் வருத்தம்கூட இருந்தது.

"நீ அழிசி இல்லையென்றால், நீ அன்று களத்தில் இல்லை. உன் பேச்சுக்கு மதிப்பில்லை. நீ அழிசியே என்றால், சோறு வாங்கித் தின்றுவிட்டுத் தலைவனுக்குப் பிறகும் உயிரைப் பொத்தி வைத்துக்கொண்டவன். வாக்குத் தவறியவன் சொல்லைச் சபை ஏற்பதில்லை. எந்தப் பக்கம் நிற்கப் போகிறாய்?"

சபை மூத்தவர் தலையசைத்தார். "அதுதான் வழக்கம். வாக்கு தவறாதவன் என்றால் முதலில் வாக்கை நிறைவேற்றட்டும். சாகும்போது வேளைக்காரன் சொல்வதை இந்தச் சபை மறுத்ததில்லை." பிறகு அவர் குஞ்சரமல்லியைப் பார்த்தார். "அம்மா, நீதான் சொல்ல வேண்டும். இவன் உன் கணவனா?"

அவள் நான்கு ஆண்டுகளாக ஒரு சாட்சியைத் தேடவில்லை. ஒரே மாதமாகத்தான் தேடினாள். ஆனால் நான்கு ஆண்டுகளாக ஒரு மனிதனைத் தேடினாள், கல்லில், கனவில், போர்க்களத்திலிருந்து திரும்பிய ஒவ்வொருவன் முகத்திலும். அந்த மனிதனும் அந்தச் சாட்சியும் இப்போது ஒரே உடலில் நின்றார்கள். ஒருவனைக் காக்க வேண்டுமென்றால் மற்றவனை இழக்க வேண்டும்.

அவள் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தாள்.

"இல்லை," என்றாள். "இவர் துறைக்காரர். வடகரையில் பரிசல் ஓட்டுகிறவர். வழியில் நான் புலம்பியதைக் கேட்டு மனம் இளகி இப்படிச் சொல்கிறார். என் கணவர் இறந்துவிட்டார்."

வயிரமேகன் மெல்லப் பெருமூச்சு விட்டான். கோதையின் கையில் மாலை தாழ்ந்தது.

"இவள் பொய் சொல்லிப் பழகாதவள்," என்றான் அழிசி. "என் உயிருக்காக முதல்முறையாகச் சொல்கிறாள். சபை அவளை மன்னிக்க வேண்டும்." அவன் கோதையை நோக்கி ஓர் அடி வைத்து நின்றான். "பிராட்டி, நான் சோறு உண்ட அன்று தட்டைத் தாங்கள்தான் ஏந்தி நின்றீர்கள். உங்களுக்கு முன்பல் விழுந்திருந்தது. வேள் பிடித்த உருண்டை அவர் கையிலேயே உடைந்து என் தாடியில் கொட்டியது. நீங்கள் சிரித்தீர்கள். தெய்வக்குற்றம் என்று எல்லோரும் பயந்தபோது வேள் தலை குனிந்து உங்களிடம் ஒன்று சொன்னார். அது நம் மூன்று பேருக்குத்தான் கேட்டது."

கோதை ஓர் அடி முன்னால் வந்தாள். "என்ன சொன்னார்?"

"'இவன் நம் வீட்டுச் சோற்றுக்குக் கட்டுப்பட மாட்டான் போலிருக்கிறது, கண்ணே' என்றார்."

அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். மாலை அவள் கையிலிருந்து கீழே விழுந்தது. "அப்பா அதைத்தான் சொன்னார். இவர் அழிசிதான். அவர் சொன்னது உண்மை."

அதற்குப் பிறகு நடந்தது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடந்தது. வயிரமேகன் தன் பக்கத்தில் நின்ற காவலனைத் தள்ளிவிட்டுப் படித்துறையை நோக்கி ஓடினான். வீரர்கள் துரத்தினார்கள். அவன் கட்டாரியால் கயிற்றை அறுத்து, அழிசியின் பரிசலில் தாவி ஏறினான். வெள்ளத்தில் பரிசலில் நிற்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாது. நிலவொளியில் அது ஒருமுறை சுழன்றது; இருமுறை சுழன்றது; அப்புறம் அதன் அடித்தோல்தான் தெரிந்தது. கனத்த பட்டும் இடைக்கச்சையும் அவனைக் கீழே இழுத்தன.

"போகட்டும்," என்றான் ஒரு வீரன். "ஆறே தீர்ப்புச் சொல்லிவிட்டது."

அதற்குள் அழிசி குதித்துவிட்டிருந்தான். வாசகர்களே, அவன் யோசித்துக் குதிக்கவில்லை. வேளைக்காரனாக யோசித்திருந்தால் கரையில் நின்றிருப்பான். நீரில் ஒரு கை மேலே வந்தால் அவன் உடம்பு தானாகவே போய்விடும். நான்கு மழைக்காலங்களாக அது அப்படித்தான் பழகியிருந்தது. வெகு தூரம் கீழே, படித்துறையைத் தாண்டிய முதல் வளைவில், தன் தலைவனைக் கொன்றவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"இவனையா காப்பாற்றினாய்?" என்று ஓடி வந்த வீரன் கேட்டான்.

அழிசி நீரைக் கக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "துறையில் விழுகிறவன் யார் என்று கேட்டு நான் இழுத்ததில்லை," என்றான். "விசாரணை செய்வது உங்கள் வேலை."

வயிரமேகனைக் கட்டி அழைத்துப் போனார்கள். முன்றிலில் சபை மறுபடி கூடியது. அங்கே மகிழ்ச்சி இல்லை. எல்லோரும் அழிசியைப் பார்த்தார்கள். பிறகு அவனுடைய கல்லைப் பார்த்தார்கள்.

"பிராட்டி காப்பாற்றப்பட்டாள். நாடும் காப்பாற்றப்பட்டது," என்றார் சபை மூத்தவர், தயக்கத்தோடு. "ஆனால் வழக்கம் இருக்கிறது. வேளுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்க வேளால்தான் முடியும். அவர் இல்லை. இரண்டு வழிதான். ஒன்று, இப்போதாவது தலை கொடுப்பது. கல் நிற்கும், இவளுடைய நிலமும் நிற்கும். இல்லையென்றால், இல்லத்தரசி முதல் வெட்டு வெட்டிப் பெயரை நீக்க வேண்டும். நிலம் போகும். காப்பு போகும்."

"இது என்ன நியாயம் தாத்தா?" என்றாள் கோதை.

"நியாயம் என்று நான் சொல்லவில்லை அம்மா. வழக்கம் என்றேன். ஒருவனுக்காக இதை மாற்றினால், ஏற்கெனவே செத்தவர்களின் பெண்டாட்டிகள் வந்து என் கழுத்தைப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும் எதற்குச் செத்தார்கள் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்ல?"

அந்தப் பெண்களில் சிலர் அங்கேயே நின்றார்கள்.

அழிசி எழுந்தான். ஒரு வீரனின் இடையிலிருந்த வாளை அமைதியாகக் கேட்டு வாங்கினான். அவன் முகத்தில் கலக்கம் இல்லை. குஞ்சரமல்லியின் நிலம் நிற்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அவன் தன் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டான். அவன் வாளைத் திருப்பிப் பிடித்தபோது, அவனுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓர் உருவம் வந்து நின்றது.

"உளியைக் கொடுங்கள்," என்றாள் குஞ்சரமல்லி கல்தச்சனிடம்.

"அம்மா, இது உங்க நிலம் போற வெட்டு," என்றான் அவன், உளியைக் கொடுக்காமல்.

"தெரியும்."

"ஊர்ல தலை தூக்கி நடக்க முடியாதும்மா."

"குனிந்து நடக்கிறேன். கொடுங்கள்."

அவள் கல்லின் முன் உட்கார்ந்தாள். தினமும் எண்ணெய் பூசிய இடம். கை தடுமாறாமல் எழுத்து எங்கே என்று கண்டுபிடித்தது. முதல் அடியில் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தது. இரண்டாவது அடியில் முதல் எழுத்து போயிற்று. மிச்சத்தைத் தச்சன் முடித்தான். அதுவரை முன்றிலில் உளிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு அவள் இரும்புக் காப்பைக் கழற்றிச் சபை மூத்தவரின் காலடியில் வைத்தாள்.

"அக்கா, நீ என்னோடு அரண்மனையிலேயே இரு," என்றாள் கோதை, அவளைக் கட்டிக்கொண்டு.

"இருக்கிறேன் பிராட்டி. இந்தப் பெண்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேனே, அதை விட்டுவிட முடியாது. அதற்கு நிலம் தேவையில்லை." அவள் அந்தப் பெண்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி சிறிது யோசித்து, பிறகு தலையசைத்தாள்.

ஆற்றங்கரைப் படியில் அழிசி அவளுக்காகக் காத்திருந்தான். அவள் இரண்டு படி மேலேயே நின்றுகொண்டாள்.

"மல்லி."

"இந்த ஆற்றுக்கு அந்தப் பக்கம்," என்றாள் அவள். "கோடைக்காலத்தில் நடந்தே வந்திருக்கலாம்."

"உன் நிலம் போய்விடும் என்று..."

"நான் நிலத்தைக் கேட்டேனா? மழை பெய்தால் கல் நனைகிறதே என்று ஓலைக்குடை சாய்த்து வைத்துவிட்டு வருவேன். பைத்தியம் என்று சிரித்தார்கள். நீங்கள் கரையில் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களாக்கும்."

அவன் தலைகுனிந்தான்.

"என் மானத்தை என்ன செய்வது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்களாகவே முடிவு செய்தீர்கள், எனக்குக் கணவனைவிடக் கல் போதும் என்று. நானும் அந்தக் கல்லோடு வாழக் கற்றுக்கொண்டேன். அழுது, சண்டை போட்டு, அப்புறம் அழாமல் இருக்கக் கற்று, பிறருக்கு உதவக் கற்று... இப்போது நான் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் யார் என்பதும் எனக்கு இன்றுதான் தெரிந்தது. அந்தக் கொலைகாரனை இழுத்துப் போட்டீர்களே, அப்போது."

"வந்துவிடு என்று கேட்க எனக்கு உரிமை இல்லை," என்றான் அழிசி.

"கேட்டுவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன். இன்று இரண்டு தடவை உங்கள் உயிரைக் காத்தேன். என் உயிரை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள்." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டாள். "ஒரு சத்தியம் செய்து கொடுங்கள். இனி யாருக்காகவும் சாவதாகச் சோறு வாங்கித் தின்னக் கூடாது. எனக்காகவும் கூடாது."

நெடும்பொறை நாட்டில் ஓர் ஆணிடம் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி ஒரு சத்தியம் கேட்டதில்லை. அழிசி குனிந்து வெள்ளாற்று நீரைக் கையில் அள்ளினான். விரலிடுக்கில் அது ஒழுகிக்கொண்டிருந்தது.

"சாக மாட்டேன்," என்றான்.

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். காப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்த மணிக்கட்டை மேலாடையால் மூடிக்கொண்டு, கோயில் பக்கமாகப் படியேறிப் போனாள்.